கசப்பு சேர்த்த மாத்திரை

மாத்திரை எண்ணும் தட்டை ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் நான் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பேன். பல கடைகளில் இதைச் செய்வதில்லை. முன்னால் வந்தவரின் மாத்திரைத் தூள் பின்னால் வருபவரின் மாத்திரையோடு ஒட்டிக்கொண்டு போகும். யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரியும் அல்லவா? அது போதும்.

உட்காருங்கள் மேடம். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். இந்தக் கவுன்டருக்குப் பின்னால் நான் உட்கார்ந்ததில்லை. எனக்கு முன்னால் இந்தக் கடையை நடத்திய என் தாய்மாமன் அசியேடுவும் உட்கார்ந்ததில்லை. கடை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் மஞ்சள் தாளைப் படித்தேன். கதவில் ஒட்டப்போகிறீர்கள். ‘இம்மருந்தகத்தில் போலி மருந்து விற்கப்பட்டது கண்டறியப்பட்டதால்’ என்று தொடங்குகிறது. நாளை நம் ஒபோ ஊரில் சந்தை. மலைக்குக் கீழேயிருந்து வரும் எல்லோரும் அதைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்ட ஆள் கிடைப்பார்கள். அந்த வாக்கியம் தவறு. அதைத் திருத்துவதற்காகத்தான் பேசுகிறேன்.

உள்ளே கிரேஸ் அழுதுகொண்டிருக்கிறாள். சந்தையில் மலிவாகச் சரக்கு வாங்கிக் கலந்துவிட்டாள் என்று காலையில் அவளைச் சந்தேகப்பட்டீர்கள். அவளை விட்டுவிடுங்கள். இருபது வருஷமாக இந்தக் கடையில் என்னோடு வேலை செய்கிறாள். இருமல் மருந்தைக் குலுக்கிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை இன்னும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. இதைச் செய்யும் திறமை அவளிடம் இல்லை.

நீங்கள் கடலோரத்துக்காரர். உங்கள் பக்கம் பிள்ளைகள் தகப்பன் வழியில் போவார்கள். மலைமேல் எங்களுக்கு அப்படி இல்லை. ரத்தம் தாய் வழியில் வருகிறது. என் பிள்ளைகள் என் மனைவியின் குடும்பத்துக்குச் சொந்தம். என் தங்கை அட்வோவாவின் பெண்கள்தான் அசியேடு குடும்பம். அவர்கள் வயிற்றில்தான் எங்கள் பெயர் பிழைக்க வேண்டும். நான் அந்தக் குடும்பத்தின் தலைவன். யாவ் பெடியாகோ என்ற என் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஊரில் ஒருவரும் எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லமாட்டார்கள்.

இந்த ஊரில் யாருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். சந்தை நாளில் ரத்த அழுத்தம் பார்க்கிறோம். சர்க்கரை பார்க்கிறோம். நடக்க முடியாத கிழவிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதோ, அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். தனியாகப் பேச இடம் வேண்டும் என்று உங்கள் மருந்தகக் கவுன்சில் விதி எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே என் மாமா அந்தத் திரையைத் தொங்கவிட்டுவிட்டார். அதற்குள் பேசியது வெளியே வந்ததில்லை. பாதிரியார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்பதற்கு முன் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை விசாரிக்கும். திருடன் உண்டா, கடன்காரன் உண்டா, புத்தி பேதலித்தவர் உண்டா, தொழுநோய் உண்டா, வலிப்பு உண்டா. யாரிடம் விசாரிப்பார்கள்? கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். தலைவலி மாத்திரை வாங்குவது போல வந்து, பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். அத்தனை பேரையும் வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். என் வாயால் ஒரு கல்யாணம் நடந்ததும் இல்லை, நின்றதும் இல்லை.

என் தங்கையின் மூத்த மகள் யா போமாவுக்கு வலிப்பு இருந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள் வீட்டு முற்றத்தில் விழுந்தாள். எங்கள் ஆட்கள் அப்போது தொடமாட்டார்கள். வாயில் வரும் நுரை மேலே பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அட்வோவாவே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் போய்ப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் துணியை மடித்து வைத்தேன். முற்றத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். எதை முதலில் செய்தேன் என்று கேட்காதீர்கள். கதவைத்தான்.

தலைநகரத்தில், எங்களைத் தெரியாத ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அன்றிலிருந்து அவள் மருந்து என் கையால் மட்டும்தான் போயிற்று. பெரிய டப்பாவிலிருந்து எண்ணி, சிறிய பாட்டிலில் போட்டு, நானே லேபிள் எழுதுவேன். ‘ரத்த விருத்திக்கு’ என்று எழுதுவேன். அது விதிமீறல். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருந்த மருந்து சரியான மருந்து. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவளுக்கு மறுபடியும் வலிப்பு வரவில்லை. விஷயம் அவளுக்கும் அட்வோவாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் வளர்ந்து, கடைக்கு எதிரே தையல் கடை போட்டாள். அவள் சிரித்தால் இங்கே கவுன்டரில் கேட்கும். சத்தம் அதிகம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மலைக்குக் கீழே கோஃபோரிடுவா நகரத்தில் தச்சு வேலை கற்றுத்தரும் கோஜோ என்ற பையன் அவளைக் கேட்டான். அவனுடைய மாமன் ந்டிமும், அவனைப் பெற்ற மாமே அக்கியாவும் விசாரிக்க வந்தார்கள். நேராக இந்தக் கடைக்குள்ளேயே வந்து நின்றார்கள்.

“ஐயா, உங்க வீட்டு ரத்தத்துல ஏதாவது நோய்நொடி உண்டா?” என்றார் ந்டிம். சந்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

“கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிற ஆளு யாரு வீட்டு நோயையும் சொல்லமாட்டான்.”

“சரி, மருந்துக்காரர் சொல்லமாட்டாரு. குடும்பத் தலைவர் எங்க இருப்பாரு?”

“பக்கத்து வீட்டுல.”

“அவரு எப்ப வருவாரு? இவருகிட்ட கேட்டாத் தெரியுமா?” என்றார் அவர். கிரேஸ் சிரித்துவிட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உட்கதவு வழியாக வீட்டுக்குப் போய், குடும்பத் தலைவன் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களை அழைத்தேன். தண்ணீர் கொடுக்கச் சொல்லி, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டேன். முதலில் கேட்டதையே அவர்களும் முறைப்படி கேட்டார்கள்.

“எங்க ரத்தம் சுத்தம்” என்றேன்.

மாமே அக்கியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்த பெண். முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு பேசுவாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணா. நாங்க பிள்ளை பெத்து வளத்தவங்க. என்ன சொன்னாலும் காது கேட்டுக்கும்.”

“யோசிக்க ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப சரி” என்று எழுந்து துணியை உதறிக்கொண்டாள். “பொண்ணு நல்ல பொண்ணு. அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்ல.”

அவள் பெண்ணை மட்டும் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு போமா மருந்துக்கு வந்தாள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பாட்டிலைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்திருக்கவில்லை.

“மாமா, நிச்சயத்தன்னைக்கு என்கிட்ட மூணு தடவை கேப்பீங்கல்ல, ‘இவங்க கொண்டுவந்த ஜின்னை வாங்கிக் குடிக்கலாமா’ன்னு?”

“ஆமா. கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமான்னு கேக்கிற வழக்கம் அது.”

“மொத ரெண்டு தடவை சரின்னு சொல்லுவேன். மூணாவது தடவை எழுந்து நின்னு, எனக்கு வலிப்பு இருக்கு, மருந்து சாப்பிட்டா ஒண்ணும் செய்யாது, இத்தனை வருஷம் ஒண்ணும் செய்யலன்னு சொல்லப்போறேன். அப்புறம் குடிக்கிறவங்க குடிக்கட்டும்.”

கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

“ரெண்டு குடும்பமும் உக்காந்திருக்கும்.”

“அதுக்குத்தான் அங்க சொல்றேன். ஒருத்தர் காதுல சொன்னா அது மறுபடியும் ரகசியம்தானே மாமா. இந்தப் பாட்டிலைப் பாருங்க. ரத்த விருத்தியாம். உங்க கையெழுத்துல ஒரே ஒரு பொய்தான் இருக்கு, அது என் பாட்டில்ல இருக்கு.”

“உனக்குத் தங்கச்சிங்க இருக்காங்க.”

“அவங்களுக்காகவும்தான். நாளைக்கு அவங்களுக்குப் பொறக்கிற ஒண்ணுக்கு இது வந்தா, அதுவும் இந்தத் திரைக்குப் பின்னாடி உக்காரணுமா?” பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “கோவம் வந்தா உங்க மூக்கு வெடைக்குது மாமா. போட்டோ எடுக்கிறப்போ அப்படி வெச்சுக்காதீங்க. சட்டம் போட்டு மாட்டப்போறோம்.”

மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்வார்கள் என்று நான் நினைத்ததில்லை.

நீங்கள் படித்தவர். அதை ஒரு நோய் என்று மட்டும் பார்ப்பீர்கள். நானும் படித்தவன்தான். அது தொற்றாது என்று உங்களைவிட நன்றாக எனக்குத் தெரியும். ஆனால் நான் ‘எங்கள் ரத்தம் சுத்தம்’ என்று சொல்லியாகிவிட்டது. தண்ணீர் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து, குடும்பத் தலைவனாகச் சொல்லியாகிவிட்டது. அவள் எழுந்து நின்றால் அசியேடு குடும்பத்தின் தலைவன் பொய்யன் என்று இரண்டு குடும்பத்துக்கும் முன்னால் ஆகிவிடும். மற்றப் பெண்களைக் கேட்டு ஒரு ஆளும் மலையேறி வரமாட்டான். ஒரு பெண்ணா, ஒரு குடும்பமா என்று வரும்போது தலைவன் எதைப் பார்க்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நான் அவசரப்படவில்லை. அவள் மனம் மாற நேரம் கொடுத்தேன். அட்வோவாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். “அவ எடுத்த முடிவு அண்ணா. சொல்லட்டுமே, எனக்கும் சுமந்து சுமந்து போதும்னு ஆயிடுச்சு” என்றாள் என் தங்கை. அவளுக்கு எப்போதுமே முதுகெலும்பு இருந்ததில்லை.

பின்னறையில் என் மாமாவின் கை அச்சு இருக்கிறது. மாத்திரை அழுத்தும் கருவி. பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சர்ச் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மூடியிருக்கும்போது, மருந்தே சேர்க்காமல் வெறும் பால் சர்க்கரையை எடுத்து அதில் மாத்திரை செய்தேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் செய்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மருந்தாளுநர் செய்த வேலை இல்லை.

சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். ஈரம் கொஞ்சம் கூடினால் அச்சில் ஒட்டும். குறைந்தால் ஓரம் உதிரும். எடை ஒன்றுக்கொன்று மாறக்கூடாது. அவள் சாப்பிட்டுவந்த மாத்திரையின் அளவு, தடிமன், நடுவில் இருக்கும் கோடு, எல்லாம் வர வேண்டும். முதலில் செய்தவற்றைத் தூக்கிப்போட்டேன். இளம் வயதில் மாமா பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தது கையில் இன்னும் இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

நான் அவளுக்கு நஞ்சு எதுவும் கொடுக்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் உடம்புக்குள் நான் எதையும் செலுத்தவில்லை. இத்தனை வருஷமாகக் கொடுத்துவந்த ஒன்றைக் கொடுப்பதை நிறுத்தினேன். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்து உயிரையே எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தவனுக்கு நிறுத்தும் உரிமை உண்டு.

அடுத்த பாட்டில் போன சில நாளில் அவள் கடைக்கு வந்தாள். கிரேஸ் பக்கத்தில் நின்றதால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மாமா, இந்தத் தடவை மாத்திரை கசக்கவே இல்ல. நாக்குல வெச்சா இனிக்குது.”

“கம்பெனிக்காரன் மேல பூச்சு போட்டிருக்கான்.”

“நல்ல கம்பெனிதானா?”

“நான் கொடுக்கிறேன். உனக்கு வேற என்ன தெரியணும்?”

“ஒண்ணும் வேணாம் சாமி. உங்ககிட்ட கேட்டது என் தப்பு” என்று கையைக் கூப்பிக் காட்டிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள்.

மருந்தாளுநர் என்ற முறையில் அது எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சொன்னது சரி. சுவையைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் குழம்பில் போடும் கசப்பிலையை நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கலந்து மறுபடியும் செய்தேன். கசப்பு சரியாக வந்ததா என்று நானே நாக்கில் வைத்துப் பார்த்தேன். “பாட்டில்ல ஈரம் பட்டிருக்கும் போல” என்று சொல்லி, அவளிடமிருந்து பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். மருந்து கொடுக்கும்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்பது விதி. அதையும் செய்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரோடு, ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று சொன்னேன். அவள் தவறவிடவில்லை. அவள் ஒழுங்கான பெண். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சமயத்தில்தான் வருஷாந்திர ஆய்வுக்கு நீங்களே வந்தீர்கள். இதே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள், காலாவதியான மருந்து எதுவும் அலமாரியில் இல்லை என்று பார்த்தீர்கள், திரையைத் தூக்கிப் பார்த்தீர்கள். மலைமேல் இப்படி ஒரு கடை நடத்துகிறீர்களே என்று சொன்னீர்கள். பின்னறையில் அச்சைப் பார்த்து, “இது இன்னும் வேலை செய்யுதா?” என்று கேட்டீர்கள். “நல்லா செய்யுது” என்றேன். நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை.

பிறகு அவள் கை சில நேரம் தானாக உதறத் தொடங்கியது. காலையில் கஞ்சிக் கிண்ணம் கையிலிருந்து நழுவி விழுந்தது. துணி வெட்டும்போது கத்தரிக்கோல் ஓடிவிட்டது; யாருடைய ரவிக்கையோ பாழாயிற்று. அட்வோவா பயந்துபோய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“போனா அங்க பேரு எழுதணும், நோய் எழுதணும். அங்க வேலை செய்ற நர்ஸுல பாதிப் பேரு நம்ம ஊரு. கல்யாணப் படபடப்பு இது. தூக்கம் இல்ல. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடட்டும்.”

“சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் மாமா” என்றாள் போமா.

“இன்னும் ஒழுங்கா சாப்பிடு.”

அவள் தாயைப் பார்த்துத் திரும்பி, “பாத்தியா, மாமா சொல்லிட்டாரு. நீ சும்மா பயந்து என்னையும் பயமுறுத்துற” என்றாள். எங்கள் வீட்டில் என் சொல்லுக்கு இருந்த மரியாதை அது.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம், காலையில் குளிக்கப் போனவள் வரவில்லை. பின்கட்டில் ஓலை அடைத்த குளியலறை. அகலமான அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு குளிப்பார்கள். அவள் முகம் அதற்குள் இருந்தது. வலி தெரிந்திருக்காது. வலிப்பு வந்தவர்களுக்கு அந்த நேரம் நினைவு இருக்காது என்பது மருத்துவம் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஓலைக்கு அந்தப் பக்கம் அட்வோவா வாழைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சிந்தும் சத்தத்தைக் கேட்டு, குளிக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள்.

அதைத்தான் அவள் இன்றுவரை சொல்லி அழுகிறாள். ‘பக்கத்துல இருந்தேனே, கேட்டுக்கிட்டே இருந்தேனே’ என்று. நான் அவளைத் தடுக்கவில்லை. பிள்ளையை இழந்த தாய்க்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

துக்க அறிவிப்பு அச்சடித்துச் சுவரெங்கும் ஒட்டினோம். சுருக்கமான நோய்க்குப் பின் காலமானார் என்று போட்டோம். எல்லோருடைய அறிவிப்பிலும் அதுதான் இருக்கும். பெரிய படம் போட்டேன். நல்ல காகிதம். அவளுக்கு எதிலும் குறை வைக்கவில்லை.

அவள் போய் ஒரு வாரம் ஆனதும் துக்கம் கேட்கும் நாளன்று மாப்பிள்ளை வீட்டார் கறுப்புத் துணி உடுத்திக்கொண்டு வந்தார்கள். நிச்சயத்துக்கு வாங்கிய ஜின் பாட்டிலையே கையில் கொண்டுவந்தார்கள். மாமே அக்கியா எல்லோருக்கும் கைகொடுத்து முடித்து, என் எதிரில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணா, அவளுக்கு வலிப்பு வந்துதான் போனாளா?”

சுற்றிலும் ஆள் இருந்தார்கள். “அப்படி ஒண்ணு எங்க வீட்டுல கிடையாதும்மா” என்றேன்.

“எங்க வீட்டுல உண்டு” என்றாள். குரலைக் குறைக்கவில்லை. “என் தம்பிக்கு இருக்கு. மருந்து சாப்பிடுறான், லாரி கம்பெனில கணக்குப் பாக்குறான், ரெண்டு பொண்டாட்டி கட்டிக்கிட்டான். அதுதான் அவனுக்குப் பெரிய வியாதி. போமா எங்க வீட்டுக்கு வந்த மொத நாளே, அடுப்படியில எனக்கு வெங்காயம் உரிச்சுக் கொடுத்துக்கிட்டே எல்லாம் சொல்லிட்டா. தெரிஞ்சுதான் மலையேறி வந்தோம்.”

“அப்ப ஏன் விசாரிச்சீங்க?”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? கேக்காம பொண்ணு எடுத்தா உங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்னு நினைப்பீங்க. உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா, ‘எங்க வீட்டுலயும் உண்டு அண்ணா’ன்னு சொல்லிட்டுக் கையைப் பிடிச்சுக்கலாம்னு வந்தேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேனே. நீங்கதான் சுத்தம்னுட்டீங்க.”

அவள் அழவில்லை. கையிலிருந்த பாட்டிலை என் காலடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அடைப்பு உடைக்காத பாட்டில்.

அன்று நான் கலங்கினேனா என்று கேட்பீர்கள். இல்லை. யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் வாயால் தெரியவில்லை. குடும்பத் தலைவன் வாயால் தெரியவில்லை. ஒரு பெண் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு சொல்வது பேச்சு. சபையில் சொல்வதுதான் சொல். அந்தச் சொல் சபையில் எழவில்லை. நான் காப்பாற்ற நினைத்தது காப்பாற்றப்பட்டுவிட்டது.

கோஜோ என்ற அந்தப் பையன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் அறையில் அவளுடைய பொருட்களை எடுத்துவைக்க உதவி செய்கிறேன் என்று அட்வோவாவிடம் சொல்லி, மிச்சமிருந்த மாத்திரைப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷம் வராத வலிப்பு, மருந்து சாப்பிடும்போதே எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறான். மரவேலை செய்கிறவன். பொருத்தம் சரியாக இல்லாத இடத்தில் அவன் கண் நிற்கும் போலிருக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினான். நீங்கள் வந்தீர்கள்.

காலையில் முடிவை வாசித்துக் காட்டினீர்கள். மருந்து இல்லை; சர்க்கரை; ஏதோ இலைத் தூள். பிறகு சொன்னீர்கள், “யாரோ சந்தையில குடிசைல உக்காந்து செஞ்ச மட்டமான போலி சார் இது. உங்களையே ஏமாத்தித் தள்ளிவிட்டிருக்கான். வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, பரவாயில்ல, இது யாருக்கும் நடக்கும்.”

யாருக்கும் நடக்கும். என் தாய்மாமன் பெயர் போட்ட கடையில், என் கவுன்டருக்கு இந்தப் பக்கத்தில், யாருக்கும் நடக்கும்.

அந்தத் தாளில் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள் மேடம். எடை பற்றி ஒரு வரி இருக்கிறது. ‘மாத்திரைகள் அனைத்தும் எடையில் ஒத்திருந்தன’ என்று உங்கள் ஆய்வுக்கூடமே எழுதியிருக்கிறது. சந்தைக் குடிசையில் அது வருமா? ஓரம் ஒன்றுகூட உதிரவில்லை. நடுக்கோடு நேராக இருக்கிறது. மட்டமான போலி என்று நீங்கள் சொன்னது எப்படிப்பட்ட சொல் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இன்று சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்தால் நான் இதையே சொல்வேன். கையைக் கட்டிக்கொண்டு போவேன். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். அட்வோவாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் கேட்டால், நான் மற்றப் பெண்களுக்காகச் செய்தேன் என்று சொல்லுங்கள். அவள் அசியேடு ரத்தம். கொஞ்ச நாளில் புரிந்துகொள்வாள்.

இப்போது அந்த மஞ்சள் தாளைக் கொடுங்கள். இல்லை, கிழிக்கமாட்டேன். பேனா இருக்கிறது. முதல் வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். ‘மருந்தாளுநர் யாவ் பெடியாகோ தன் மருமகளை வேண்டுமென்றே கொன்றதால் இக்கடை மூடப்படுகிறது’ என்று எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், சந்தைக்கு வருகிறவர்கள் தெருவிலிருந்தே படிக்கும்படி. அதற்குக் கீழே, இந்தக் கடையிலிருந்து தவறுதலாக ஒரு மாத்திரைகூட வெளியே போனதில்லை என்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.